ஓரத்துத் தோல்

பதினான்காம் தேதிக்குள் சொல்லுங்கள் என்றார் டாக்டர் இரியா.
மேசையில் மூன்று படங்கள் வைத்தார்.
தலையில்லாத பெண்கள்.
ஒருத்திக்கு வயிற்றுக் கொழுப்பை எடுத்துச் செய்த மார்பு,
ஒன்பது மணி நேரம் ஆகுமாம்.
ஒருத்திக்கு சிலிக்கான்.
மூன்றாமவள் இரண்டையும் எடுத்துவிட்டவள்.
"சமமாக இருக்கும்" என்றார்,
சமையலறைத் தரையைப் பற்றிச் சொல்வதுபோல.

எனக்கு மூன்றும் பிடிக்கவில்லை.
மூன்றும் வேண்டாமென்று சொல்லவும்
வாய் வரவில்லை.

உன் விருப்பம் என்றான் ஷென்ஷோ,
மிதவை வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.
நல்ல மனிதன். அதுதான் தொல்லை.
பதினெட்டு மாதமாக எல்லாமே என் விருப்பம்:
விக் வேண்டுமா, சூப் வேண்டுமா,
சன்னலைத் திறக்கட்டுமா.
ஒரு தடவையாவது
"எனக்கு அது இல்லாமல் என்னவோபோல் இருக்கிறது" என்றிருந்தால்
தட்டை எறிந்து சண்டை போட்டிருப்பேன்,
பிறகு தூங்கியும் இருப்பேன்.

காலை ஆறு பத்துக்கு நீர் வடிந்தது.
அரோசாக் கழியில் நாங்கள் இருபது பெண்கள்
முழங்கால் நீரில் குனிந்து மட்டி வாருகிறோம்.
இடது கை வீங்கிவிடும் என்று
என்னிடமிருந்து வாருகோலைப் பிடுங்கி
அளவு வளையத்தைக் கொடுத்துவிட்டார்கள்.
வளையத்தில் நுழைந்து விழுவது குஞ்சு, திரும்பக் கடலுக்கு.
நுழையாதது பைக்குள்.
யோசிக்க ஏதுமில்லாத வேலை.
அதனால் நாள் முழுக்க யோசிக்கிறேன்.

உடை மாற்றும் கொட்டகையில் டோசிண்டா
ஈர ரப்பரைத் தோளிலிருந்து உரித்து
"தொட்டுப் பார்" என்றாள்.
அவள் செய்துகொண்டு நான்கு வருடம்.
தொட்டேன்.
பிரிட்ஜிலிருந்து எடுத்த ரொட்டி மாவு.
"கரையேறினால் இது சூடாக மத்தியானம் ஆகும்.
முதலில் அழுதேன்,
இப்போது காபிக் குவளையை ஒட்டி வைத்துக்கொள்கிறேன்.
வருத்தமா? இல்லை.
மகள் கல்யாணத்தில் பச்சைக் கவுன் நன்றாக நின்றது.
ஆனால் நீ நான் இல்லையே"
என்று மூக்கைச் சிந்தினாள்.

இரவு குளியலறையில் தாழிட்டேன்.
பிறகு தாழை நீக்கினேன்.
தழும்பு ஒன்றும் அவ்வளவு மோசமில்லை,
அவசரத்தில் ஒட்டிய தபால் உறை.
என்னைப் படுத்துவது அதுவல்ல.
அக்குளுக்குக் கீழே, தைக்கும்போது மிஞ்சிப்போன தோல்
தலையணை உறையின் மூலைபோல நீட்டிக்கொண்டு நிற்கிறது.
ரப்பர் உடையின் விளிம்பு அதைத்தான் உரசுகிறது.
மாலையில் சிவப்பு. சில நாள் ரத்தம்.
இந்த மாதம் புற்றுக்காக நான் அழவில்லை.
இதற்காக இரண்டு முறை.

வலது பக்கம் தன்பாட்டுக்குத் தொங்குகிறது,
ஐம்பத்து மூன்று வயது.
ஒவ்வொரு அக்டோபரும் அதை இரு தகடுகளுக்கு நடுவே அழுத்தி
உண்மையைச் சொல் என்கிறார்கள்.
அதையும் எடுத்தால் பயம் போகுமா என்று கேட்டிருந்தேன்.
"பயம் குறையலாம்" என்றார் இரியா,
"ஆயுள் கூடும் என்று உங்கள் விஷயத்தில் சொல்ல மாட்டேன்."
பொய் சொல்லாததால் அவரை மன்னித்தேன்,
அந்தப் படங்களுக்காகவும்.

பல் தேய்க்க வந்த ஷென்ஷோ
வாய் நிறைய நுரையோடு நின்றான்.
துப்பினான்.
"அந்த மூலை... ராத்திரியில் என் கையிலும் குத்துது" என்றான்.
பதினெட்டு மாதத்தில் முதல் புகார்!
சிரித்துச் சிரித்து
தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.
அவன் முகம் வெளுத்துவிட்டது, பாவம்.

பதின்மூன்றாம் தேதி போன் செய்தேன்.
ஓரத்துத் தோலை மட்டும் எடுங்கள்.
அவ்வளவுதானா என்றார்.
அவ்வளவுதான்.
மற்றதெல்லாம்?
அடுத்த வருடம் கேளுங்கள்,
என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

எத்தனை நாள் நீரில் இறங்கக் கூடாது?
மூன்று வாரம்.
சுவரிலிருந்த ஓத அட்டவணையை எட்டிப் பார்த்தேன்.
இந்த மாதத்தின் பெரிய வற்றம் இருபத்தொன்பதில்.
இரண்டு வாரமாகக் குறையுங்களேன்
என்று பேரம் பேசத் தொடங்கினேன்.